பழைய பி.எம்.டபிள்யூ 330-இல் ஆயில் கசிவு: அறிகுறியைப் பார்த்து இடத்தைப் பிடிக்கும் வழி

2000 முதல் 2006 வரை வந்த இ46 வகை 330ஐ, 330சிஐ கார்களுக்கான குறிப்பு இது. உள்ளே இருப்பது எம்54 என்ற மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். அதே இன்ஜின் 530ஐ, இசட்4, எக்ஸ்5 ஆகிய வண்டிகளிலும் உண்டு என்பதால் கசியும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. இங்கே பிரிட்டனில் இந்த வண்டிகள் இப்போது மலிவாகக் கைமாறுகின்றன. வாங்கியவர்களில் பாதிப் பேராவது முதல் வருடத்திலேயே தரையில் கறுப்புப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். கேட்கப்படும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: “பின்பக்க சீல் போய்விட்டது என்கிறார்கள், கியர்பாக்ஸை இறக்க வேண்டுமாம், உண்மையா?”

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். அது போய்விட்டது என்பது பெரும்பாலும் உண்மையில்லை. ஆயில் மேலே கசிந்து, கீழே வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்படுகிறது. ஆகவே சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அதிலிருந்துதான் தேட வேண்டும். கீழே எத்தனை நனைந்திருந்தாலும், மேலே காய்ந்திருப்பது உறுதியாகும்வரை கீழ்ப்பகுதி வேலைக்கு ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

இடம், வலம் என்று நான் சொல்வதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது உள்ள இடம், வலம். எம்54-இல் எக்ஸாஸ்ட் வலப்பக்கம். காற்று உள்ளே போகும் இன்டேக்கும் ஆயில் ஃபில்டரும் இடப்பக்கம்.

முதலில்: எப்போது ஓட்டவே கூடாது

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது அழுத்தம் போய்விட்டது என்ற எச்சரிக்கை. வீடு பக்கம்தானே என்று நினைக்காமல் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். மஞ்சள் விளக்கு வேறு. அது அளவு குறைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது, ஊற்றிவிட்டு ஓட்டலாம். அளவுக்கோலில் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோடு வரை ஏறக்குறைய ஒரு லிட்டர்.

பானெட் ஓரத்திலிருந்து அடர்த்தியாகப் புகை வந்தாலும் அதே விதி. சூடான எக்ஸாஸ்டில் ஆயில் வழிந்தால் வாடையோடு நிற்காமல் தீயும் பிடிக்கலாம்.

கூலண்ட் தொட்டிக்குள் ஆயில் மிதக்கிறது, அல்லது இன்ஜின் ஒருமுறை கொதித்த பிறகுதான் இதெல்லாம் ஆரம்பித்தது என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவாது. கொதித்த எம்54-இல் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) போல்ட்டுகள் பிடிக்கும் பிளாக்கின் (அதன் கீழ்ப்பாகம்) மரைகளே பிய்ந்துபோவது உண்டு. நேராக நிபுணரிடம் செல்லுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும்: துடைத்த பிறகே தேடல்

இருபது வருட அழுக்குக்கு மேல் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. முதலில் அது உண்மையிலேயே இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரியுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவம். நீலம் என்றால் கூலண்ட். வெறும் தண்ணீர் என்றால் குளிர்சாதனம், அதை மறந்துவிடுங்கள்.

அட்டையில் விழும் இடத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வண்டியின் அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. சொட்டுகளையெல்லாம் வாங்கித் தேக்கிவைத்துக்கொண்டு, தனக்கு வசதியான ஓட்டை வழியாக வேறெங்கோ விடும். சில வண்டிகளில் அந்தத் தட்டைக் கழற்றும்போது ஒரு கோப்பை ஆயில் சட்டைக் கைக்குள் ஓடிவிடும். அதைக் கழற்றிக் கழுவி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

வண்டியை சாய்தளத்தில் ஏற்றுங்கள் அல்லது ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. இன்ஜின் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, கிரீஸ் நீக்கி தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். உயரழுத்தப் பீய்ச்சி வேண்டாம். இக்னிஷன் காயில்களுக்குள் தண்ணீர் போனால் இல்லாத நோயையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். மூலைகளுக்கு பிரேக் கிளீனர் போதும்.

காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் கீழே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சும் நீளக் கைப்பிடி உள்ள சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் போன பாதை பழுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் கசிவு. அப்போதும் தெரியாவிட்டால் ஆயிலில் கலக்கும் புறஊதாச் சாயமும் அதற்கான விளக்கும் வாங்குங்கள்; இருட்டிய பிறகு பார்த்தால் பச்சையாக ஒளிரும்.

அறிகுறி: ஆயில் மாற்றிய சில நாட்களில் கசிவு தொடங்கியது

இதுதான் மிகவும் எளிது, பெரும்பாலும் செலவே இல்லை.

முதல் சந்தேகம், கசிவே இல்லை என்பது. ஃபில்டர் நிமிர்ந்த நிலையில் இருப்பதால் பழைய ஃபில்டரைத் தூக்கும்போது சொட்டும் ஆயில் அதன் உறையான ஹவுசிங்கின் மேலேயே வழிகிறது. பிறகு பல நாட்களுக்கு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

இரண்டாவது, ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். புது ஃபில்டரோடு ஓ-ரிங்குகள் வரும். அவசரக்காரர்கள் பழையதையே விட்டுவிடுவார்கள், அல்லது புதியதை எண்ணெய் தடவாமல் போட்டு முறுக்கிவிடுவார்கள். மூடி 36 மில்லிமீட்டர் சாக்கெட்டில் கழலும். இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். அது பிளாஸ்டிக்.

மூன்றாவது, ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் பிளக். அதற்கும் 25 நியூட்டன் மீட்டர்தான், ஒவ்வொரு முறையும் புது வாஷர். வாஷர் புதிது, இறுக்கமும் சரி, ஆனாலும் கசிகிறது என்றால் ஆயில் பானில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள மரை தேய்ந்திருக்கலாம். இறுக்கும்போது பிளக் “பிடிக்காமல்” சுற்றிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரைக்குள் புதுச் சுருள் போடுவது ஒரு பணிமனைக்குச் சிறிய வேலை. அலுமினியப் பானை உடைத்துக்கொண்டு போனால் அது பெரிய வேலை.

கடைசியாக, அளவு அதிகமா என்று பாருங்கள். ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜினுக்கு 6.5 லிட்டர். ஏழு ஊற்றிய வண்டி தனக்கு வேண்டாததை எங்காவது வெளியே தள்ளத்தான் பார்க்கும்.

அறிகுறி: சிக்னலில் நிற்கும்போது கருகிய வாடை, வலப்பக்கம் மெல்லிய புகை

ஓடும்போது வாடை இல்லை, நின்றதும் ஏசி துளைகள் வழியாக உள்ளே வருகிறது என்றால் கிட்டத்தட்ட முடிவே சொல்லிவிடலாம்: வால்வ் கவர் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர்ப் பட்டை. ரப்பர் வருடக்கணக்கான சூட்டில் பிளாஸ்டிக்காகிவிடுகிறது. வலப்பக்கப் பின்மூலையில் கசிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுகிறது. அந்த மூலைக்கு நேர் மேலேதான் கேபின் காற்று ஃபில்டரின் பெட்டி. உள்ளே வாடை வருவது அதனால்தான்.

பார்க்கும் முறை: கேபின் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் “மேலே பார்த்தேன், காய்ந்திருக்கிறது” என்று சொல்பவர் பின்மூலையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கண்ணாடியை மூலைக்குக் கீழே நீட்டி, கவரும் ஹெட்டும் சேரும் கோட்டைப் பாருங்கள். விரலால் தடவினால் ஈரம் தெரியும்.

கவரின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தளர்ந்திருந்தால் 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். கவர் பிளாஸ்டிக், விரிசல் விடும். மரத்துப்போன ரப்பரை இறுக்கி மிருதுவாக்க முடியாது.

கேஸ்கெட் மாற்றுவது ஓரளவு கருவிப் பழக்கம் உள்ளவர் வீட்டில் செய்யக்கூடிய வேலை. விடுமுறை நாளில் ஒரு பகல் ஒதுக்குங்கள். மூன்று இடங்களில் கவனம் வேண்டும். வெளிச்சுற்றுக் கேஸ்கெட்டோடு, ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள நடுக் கேஸ்கெட்டையும், போல்ட்டுகளுக்கு அடியில் உள்ள சிறு ரப்பர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். சிறு ரப்பரை விட்டுவிட்டால் போல்ட் வழியே கசியும். அடுத்து, ஹெட்டின் பின்பக்கத்தில் உள்ள அரைவட்ட வளைவுகளின் முனைகளிலும், முன்னால் வானோஸ் பெட்டி (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றுவது) ஹெட்டோடு சேரும் கோடுகளிலும் சிறு பொட்டு சிலிகான் சீலன்ட் வைக்க வேண்டும். முழுச் சுற்றுக்கும் பூசக் கூடாது. மூன்றாவது, கவரை இறக்கியதும் பின்பக்கத்தில் கேஸ்கெட் அந்த அரைவட்டத்திலிருந்து நழுவியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே இறுக்குங்கள். மாற்றிய மறுவாரமே மறுபடி கசிகிறது என்று வரும் வண்டிகளில் கவரைத் தூக்கினால், நழுவிய கேஸ்கெட் அரைவட்டத்துக்குப் பின்னால் பூரான்போல மடிந்து கிடக்கும்.

கேஸ்கெட் வாங்கும்போது எல்ரிங் அல்லது விக்டர் ரெயின்ஸ் தயாரிப்பாகப் பாருங்கள். பெயரில்லாத மலிவுப் பொருளைப் போட்டால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

புதுக் கேஸ்கெட் போட்டும் அதே இடத்தில் ஈரம் என்றால் கவரையே சோதியுங்கள். பழைய பிளாஸ்டிக் கவரில் மயிரிழை விரிசல்கள் வரும். ஒட்டிப் பயனில்லை, புதுக் கவர்தான்.

அறிகுறி: இன்ஜின் துள்ளுகிறது, பிழைக்குறி பி0301 முதல் பி0306 வரை ஏதோ ஒன்று

இதைக் கசிவு என்று யாரும் நினைப்பதில்லை. காயில் மாற்றி, பிளக் மாற்றி, பணம் செலவான பிறகே ஆயில் நினைவுக்கு வரும். குறியின் கடைசி எண்தான் சிலிண்டர். அந்தக் காயிலை வெளியே இழுத்து அதன் ரப்பர்க் குழாயைப் பாருங்கள். நுனி ஆயிலில் ஊறி உப்பியிருந்தால் நடுக் கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் ஆயில் நிற்கிறது.

வைத்தியம் மேலே சொன்ன வால்வ் கவர் கேஸ்கெட்தான். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் நிற்கும் ஆயிலைத் துணி சுற்றிய குச்சியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது அப்படியே சிலிண்டருக்குள் இறங்கும். உப்பிய ரப்பரைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டால் சில வாரங்களில் துள்ளல் திரும்பும், அதையும் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: இடப்பக்கம் முன்னால் முழுக்க ஈரம், ஆல்டர்னேட்டர் மேல் ஆயில்

இந்த இன்ஜினில் அதிகம் கசிவதும், அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பிளாக்கோடு சேரும் இடத்தில் ஒரு சிறு கேஸ்கெட் இருக்கிறது. விலை சில பவுண்டுகள்தான். அது காய்ந்துபோனால் ஆயில் பிளாக்கின் இடப்பக்கமாக இறங்கி, ஆல்டர்னேட்டரையும் பவர் ஸ்டீயரிங் பம்பையும் நனைத்து, ஆயில் பானின் விளிம்பு வழியாகப் பின்னால் ஓடி, கடைசியில் குறுக்குச் சட்டத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு ஆயில் பான் கேஸ்கெட் போனதுபோலவே தெரியும். இரண்டுக்கும் செலவில் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரலாம்.

வரிசையாகப் பாருங்கள்:

மேலே ஃபில்டர் மூடியைச் சுற்றி ஈரமா? அப்படியென்றால் ஓ-ரிங், ஆயில் மாற்றிய பிறகு வரும் கசிவு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

மூடி காய்ந்திருக்கிறது, ஈரம் பவர் ஸ்டீயரிங் தொட்டியின் குழாய்களில் தொடங்குகிறதா? தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் பலர் ஏமாறுவார்கள். தொடங்கும் இடத்தை வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். துணியில் சிவப்பு தெரிந்தால், தொழிற்சாலையில் போட்ட அழுத்து கிளிப்புகளை எடுத்துவிட்டுத் திருகும் கிளிப்புகள் போட்டாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆயில் பிரஷர் சுவிட்சின் பிளாஸ்டிக் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்சே கசிகிறது. புது சுவிட்ச் மலிவு.

இவையெல்லாம் காய்ந்திருந்து, ஹவுசிங் பிளாக்கில் உட்காரும் கோட்டுக்குக் கீழே மட்டும் பவுடர் நனைந்திருந்தால் கேஸ்கெட்தான்.

வேலை செய்வதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி இருப்பது டிக்கியில். ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பானர் பட்டால் பொறி பறக்கும். காற்று ஃபில்டர் பெட்டி, பெல்ட், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். பவர் ஸ்டீயரிங் பம்பை அவிழ்த்துக் குழாய்களோடு ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும், திரவத்தை வடிக்க வேண்டாம். இந்த ஹவுசிங்கில் கூலண்ட் ஓடாததால் அதையும் தொட வேண்டியதில்லை.

பழைய கேஸ்கெட்டை எடுத்தால் வளைக்காமலே ஒடியும். பிளாக்கின் முகத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள்; இரும்புக் கத்தியால் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே கசியும். போல்ட்டுகள் 22 நியூட்டன் மீட்டர். ஆயில் ஊறிய பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

இந்த வேலையை எப்போது பணிமனைக்குக் கொடுக்கலாம்? இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதபோதும், ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு ஏற்கெனவே மினுக்கத் தொடங்கியிருக்கும்போதும். இரண்டாவது நிலையில் ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டிவரலாம் என்பதால் ஒரே கூலியில் முடித்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: இன்ஜினின் முன்முகத்தில் மேலே ஈரம்

வானோஸ் பெட்டிக்குப் போகும் ஆயில் குழாயைப் பாருங்கள். ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்து புறப்பட்டு இன்ஜினின் முன்னால் குறுக்கே போகிறது. இரு முனைகளிலும் நசுங்கும் வாஷர்கள் உண்டு. முனையில் ஈரம் என்றால் புது வாஷர் போட்டு 32 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். குழாயின் நடுவே வியர்த்தால் குழாயையே மாற்றுங்கள். ஃபில்டர் ஹவுசிங்கைக் கழற்றும் நாளில் இதையும் சேர்த்துச் செய்தால் கை எளிதாகப் போகும்.

கேம்‌ஷாஃப்ட் சென்சார்களின் ஓ-ரிங்குகளும் இந்தப் பக்கம்தான். சென்சாரின் அடியில் வட்டமாக ஈரம் தெரிந்தால் ஓ-ரிங் மட்டும் மாற்றினால் போதும்.

வானோஸ் பெட்டியும் ஹெட்டும் சேரும் கேஸ்கெட் கசிந்தால் அது பழகியவர் கை வேலை. பெட்டியைக் கழற்றினால் கேம்‌ஷாஃப்ட்டுகளின் நேரம் கலையும், திரும்பச் சரிசெய்யத் தனிக் கருவிகள் தேவை. பி.எம்.டபிள்யூ மட்டும் பார்க்கும் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

முன்முகத்தின் கீழே, கிரேங்க் புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்த ஆயில் இருந்தால் முன் கிரேங்க் சீல். அடிக்கடி வருவதில்லை. அதற்கு வழிவிட வேண்டிய நடு போல்ட்டின் இறுக்கம் 410 நியூட்டன் மீட்டர். வீட்டு முற்றத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அறிகுறி: ஒன்றை அடைத்தால் இன்னொன்று கசிகிறது, நீலப்புகை, அளவு குறைகிறது

இரண்டு மூன்று சீல்கள் ஒரே பருவத்தில் கசியத் தொடங்கினால் சீல்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, கிரேங்க்கேஸ் காற்றை (இன்ஜினின் கீழ்ப்பகுதிக்குள் சேரும் காற்று) வெளியேற்றும் வால்வைப் பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக் உருண்டை அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயில் வெளியேறும். அதன் உள் சவ்வு கிழிந்தால் எதிர்மாறாக, இன்டேக் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். நீலப்புகையும் காணாமல் போகும் ஆயிலும் அதன் விளைவு.

சோதனைக்குச் செலவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் பையை வாயின் மேல் வையுங்கள்.

பை லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் சரி. இன்ஜின் ஓட்டம் கொஞ்சம் தடுமாறும், அது இயல்பு.

மூடியைத் திறக்கவே கையால் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது, திறந்ததும் பை விசையோடு உறிஞ்சப்படுகிறது என்றால் சவ்வு கிழிந்திருக்கிறது. சில வண்டிகளில் அதோடு விசில் போன்ற கூவலும் கேட்கும். மூடியைத் திறந்தவுடன் அது நின்றுபோகும்.

பை மேலே ஊதித் தள்ளப்பட்டால் வால்வோ குழாயோ அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. பணிமனையில் மானோமீட்டர் வைத்து அளப்பார்கள். 10 முதல் 15 மில்லிபார் வரையிலான உறிஞ்சல்தான் சரியான அளவு.

குளிர்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். மூடியின் உட்புறத்தில் மஞ்சள் நிறத்தில் வெண்ணெய்போல் படிந்திருந்தால் உள்ளே ஈரம் ஆவியாகாமல் தங்குகிறது. அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று பதறாதீர்கள். கூலண்ட் குறையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்த வால்வும் குறுகிய பயணங்களும்தான்.

வால்வு மாற்றும்போது அதன் எல்லாக் குழாய்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய குழாய் தொட்டாலே நொறுங்கும். வால்விலிருந்து வடியும் ஆயில் அளவுக்கோல் குழாய் வழியாகத்தான் பானுக்குத் திரும்புகிறது. அந்தக் குழாயின் பக்கவாட்டுத் துளை அடைத்திருந்தால் புது வால்வும் பயன்படாது. கழற்றிச் சுத்தம் செய்து, கீழ்நுனியின் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். உதிரிகளின் விலை அதிகமில்லை, ஆனால் கை நுழையாத இடம். பொறுமை குறைந்தவர்கள் கூலி கொடுத்துவிடுவது உடம்புக்கு நல்லது.

வால்வு புதிது, வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது என்றால் அது கசிவல்ல. ஆயில் ரிங்குகள் ஒட்டிப்போய் எரிகிறது. அளவுக்கோலை ஒழுங்காகப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டுவதே பலர் எடுக்கும் முடிவு, நானும் அதைத்தான் சொல்வேன்.

அறிகுறி: ஆயில் பானைச் சுற்றிலும் ஈரம்

ஃபில்டர் ஹவுசிங், வால்வ் கவர் இரண்டும் காய்ந்திருக்கின்றன என்பதைப் பவுடர் வைத்து உறுதி செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் திரும்பப் போங்கள்.

உறுதி என்றால் முதலில் அளவுக்கோல் குழாய் பானில் நுழையும் இடம். அங்குள்ள ஓ-ரிங் மலிவு. அடுத்து பானின் அடியில் உள்ள ஆயில் அளவு சென்சார். மூன்று நட்டுகளில் நிற்கிறது, அதன் சீலைச் சுற்றி ஈரம் என்றால் ஆயிலை வடித்துவிட்டு மாற்ற வேண்டும். அடுத்த ஆயில் மாற்றத்தோடு வைத்துக்கொண்டால் ஆயில் வீணாகாது.

இவையும் இல்லை, பானின் விளிம்பில் இரண்டு பக்கமும் ஈரக்கோடு தெரிகிறது என்றால்தான் பான் கேஸ்கெட். மேலே தாங்கி வைத்து இன்ஜினைத் தொங்கவிட்டு, கீழே குறுக்குச் சட்டத்தை இறக்கினால்தான் பான் வெளியே வரும். லிஃப்ட் உள்ள பணிமனை வேலை. வேலை முடிந்ததும் சக்கரக் கோணமும் சரிபார்க்க வேண்டும். அந்தச் செலவையும் விலைமதிப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தை இறக்கும் நாளில் இன்ஜின் மவுன்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் ஊறிய ரப்பர் நீடிக்காது.

லேசாக வியர்க்கிறது, சொட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். பிரிட்டனின் வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யில்கூட ஈரம் மட்டும் தோல்விக்குக் காரணமல்ல. ஐந்து நிமிடத்துக்குள் தரையில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள திட்டாகத் தேங்கினால்தான் தோல்வி.

அறிகுறி: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டு

எல்லோரும் பயப்படும் அறிகுறி. பின்பக்கக் கிரேங்க் சீல் என்று உடனே விலை சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பிளாக்கின் பின்புறம் மேலிருந்து கீழ்வரை காய்ந்திருக்கிறதா?” வால்வ் கவரின் பின்மூலையில் கசியும் ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக நேராக இறங்கி இதே இடத்தில்தான் சொட்டும். கேபின் ஃபில்டர் பெட்டியைக் கழற்றாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

அடுத்து மோந்து பாருங்கள். கியர்பாக்ஸின் முன் சீல் கசிந்தாலும் இங்கேதான் வரும். ஆட்டோமேட்டிக் என்றால் சிவப்புச் சாயல். மேனுவல் என்றால் இன்ஜின் ஆயிலின் எரிந்த வாடை இருக்காது, நிறமும் கறுத்திருக்காது.

பிறகு மேலே சொன்ன பிளாஸ்டிக் பை சோதனை. வால்வு அடைத்திருக்கும் இன்ஜினில் புதுப் பின்பக்க சீல் போட்டால் அதுவும் கசியும்.

மூன்றிலும் தேறி, இன்னும் சொட்டுகிறது என்றால் சீல்தான். கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், வீட்டில் செய்யும் வேலையல்ல. சீலின் விலை அற்பம், கூலி முழுக்க இறக்கி ஏற்றுவதற்கே. எனவே கிளட்ச் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும், ஃப்ளைவீலுக்குப் புதுப் போல்ட்டுகளையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். கிளட்ச் இன்னும் நன்றாக இருக்கிறது, இரவுக்கு ஒன்றிரண்டு சொட்டுதான் என்றால் அட்டையை விரித்துக்கொண்டு கிளட்ச் தேயும்வரை காத்திருக்கலாம். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் ஆயில் அதன் மேல் ஏறிவிட்டது, பிறகு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

கசிவை நிறுத்தும் என்று புட்டியில் விற்கும் திரவங்களை இந்த இன்ஜினில் ஊற்ற வேண்டாம். ரப்பரை உப்பவைத்துத்தான் அவை வேலை செய்கின்றன. கல்லாகிப்போன ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் உப்பாது, நல்ல நிலையில் உள்ள சீல்கள்தான் உப்பும்.

பணிமனைக்குப் போகும்போது

துடைத்த பிறகு எடுத்த படமும், முப்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எடுத்த படமும் கைப்பேசியில் இருக்கட்டும். பை சோதனையின் முடிவைச் சொல்லுங்கள். “கசிகிறது, பாருங்கள்” என்று சாவியை நீட்டாமல், “ஹவுசிங் கேஸ்கெட் என்று நினைக்கிறேன், பான் மேலிருந்து நனைகிறது” என்று சொல்லுங்கள். கழற்றிய கேஸ்கெட்டைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்து வண்டி வந்ததும் அடித்தட்டை உடனே மாட்டாமல், மறுபடி ஒருமுறை பவுடர் தூவி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.